12 பேர் குழுவுக்கு ஏன் 50,000 ரூபாய் கூடுதல்? வியட்நாம்–கம்போடியா பண்பாட்டுச் சுற்றுலா பற்றி

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 70 வயதை ஒட்டிய அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு 9 நாள் வியட்நாம்–கம்போடியா போக வேண்டும். 30 பேர் போகும் வழக்கமான பேக்கேஜ் ஆளுக்கு 1,15,000 ரூபாய். இன்னொரு நிறுவனம் 'அதிகபட்சம் 12 பேர், பண்பாட்டுச் சுற்றுலா, தமிழ் வழிகாட்டி' என்று சொல்லி 1,65,000 கேட்கிறது. சிறிய குழு என்பதற்காக 50,000 கூடுதலாகக் கொடுக்கலாமா என்பது கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, அந்த 50,000 எங்கே போகிறது, கொடுத்தால் கோயில்களை ஒழுங்காகப் பார்க்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தடத்தில் குழுக்களுக்குப் பயணநிரல் போடுவது என் தொழில். உங்களுக்கு வந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அவர்கள் அனுப்பிய நிரலை எப்படிப் படிப்பது என்று சொல்லலாம்.

முதலில் பணக் கணக்கு. ஒரு குழுவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி தலைக்கணக்கில் ஏறாது: வண்டி, ஓட்டுநர், உள்ளூர் வழிகாட்டி, இங்கிருந்து கூட வருபவரின் விமானச் சீட்டு, அவருடைய அறை. கணக்குக்காக, வண்டியும் வழிகாட்டியும் நாளுக்கு 200 டாலர், 9 நாளுக்கு 1,800, கூட வருபவருக்கு 1,500, மொத்தம் 3,300 டாலர் என்று வையுங்கள். 30 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 110, 12 பேர் பகிர்ந்தால் 275. வித்தியாசம் 165 டாலர். டாலர் 88 ரூபாய் என்றால் 15,000-க்குக் கொஞ்சம் குறைவு. பெரிய குழுவுக்குப் பெரிய பேருந்து வேண்டும் என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடவும் குறையும். ஆக, 12 பேர் என்ற ஒரே காரணத்துக்காக 50,000 கூடாது. மீதி 35,000 நல்ல ஹோட்டலுக்கோ, நேரடி விமானத்துக்கோ, கூடுதல் இரவுக்கோ, துறை அறிந்த ஒருவரின் ஊதியத்துக்கோ போயிருந்தால் சரி. எதற்கு என்று கேட்டால் அவர்களால் வரிவரியாகச் சொல்ல முடிய வேண்டும். 'குவாலிட்டி சார்' என்பது பதில் ஆகாது. ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் (பேக்கேஜ் விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) இரண்டு விலையிலும் ஒரே மாதிரி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டிசிஎஸ் வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளக் கூடியது, ஆனாலும் முன்பணமாகக் கையை விட்டுப் போகும் தொகை.

வண்டியையும் விசாரியுங்கள். வியட்நாமில் '16 சீட்டர்' என்றால் ஓட்டுநரையும் சேர்த்து 16. 12 பயணிகள், வழிகாட்டி, கூட வருபவர், ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி என்றால் பெட்டிகள் நடைபாதையில்தான் கிடக்கும். பெட்டிகளோடு அதில் வசதியாகப் போகக்கூடியவர்கள் 8 முதல் 10 பேர். 12 பேருக்கு 29 சீட்டர் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி முக்கியமானது. குழுவில் எத்தனை பேர் என்பதைவிட, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம், அதுவும் எந்த வேளையில் என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: 'அங்கோர் நுழைவுச் சீட்டு எத்தனை நாளுக்கானது?' கம்போடியாவின் பழைய கோயில்கள் இருக்கும் அங்கோர் தொல்லியல் பூங்காவுக்கு மூன்று வகைச் சீட்டுகள் உண்டு. 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விருப்பப்பட்ட நாட்களில் பயன்படுத்தலாம். சீட்டில் உங்கள் படம் இருக்கும், வேறொருவருக்கு மாற்ற முடியாது. 'நுழைவுக் கட்டணம் அடக்கம்' என்று எழுதியிருக்கும் நிரல்களில் பெரும்பாலும் இருப்பது 37 டாலர் சீட்டு. அதாவது ஒரே நாளில் அங்கோர் வாட், அங்கோர் தோம், பயோன், தா ப்ரோம் எல்லாவற்றையும் ஓட்டமாக ஓடிப் பார்ப்பது. அங்கோரை ஒட்டிய ஊர் சியெம் ரீப். 'சியெம் ரீப்பில் 2 இரவு' என்று இருந்தாலும் இதே கதைதான். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. பழைய நிலையம் பக்கத்திலேயே இருந்த காலத்தில் வந்திறங்கிய அன்று மதியமே ஒரு கோயில் பார்க்கலாம். இப்போது அந்த அரை நாள் பயணத்திலேயே போய்விடும். மூன்று இரவுக்குக் குறைந்தால் அதைப் பண்பாட்டுச் சுற்றுலா என்று நான் ஏற்க மாட்டேன், குழுவில் நாலே பேர் இருந்தாலும்.

மூன்று நாள் ஏன் வேண்டும் என்று அங்கோர் வாட்டின் ஒரு பகுதியை வைத்தே சொல்லலாம். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் கட்டிய விஷ்ணு கோயில், மேற்கு நோக்கியது. மேற்கு வாயிலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் சுவர்ச் சிற்பமாகக் குருக்ஷேத்திரப் போர். இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், நடுவில் கைகலப்பு. இடப்பக்கம் மேலே அம்புப் படுக்கையில் பீஷ்மர். கை எட்டும் உயரத்தில் கல் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மினுங்கும். எத்தனையோ ஆண்டுகளாகத் தடவிப் பார்த்த கைகளின் வேலை அது (இப்போது தொடக்கூடாது). மூலை திரும்பித் தெற்குப் பிரகாரம் போனால் சூர்யவர்மனே தன் படையோடு ஊர்வலம் போகிறான். அவன் இறந்தபின் பெற்ற 'பரமவிஷ்ணுலோகன்' என்ற பெயர் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டி யமனின் தீர்ப்பு, சொர்க்கம், நரகங்கள். மீண்டும் திரும்பிக் கிழக்குப் பிரகாரத்தில் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல்: ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறு பக்கம் 88 தேவர்கள். இந்த அரைச் சுற்றுக்கே நிதானமாக இரண்டு மணி நேரம் ஆகும். 30 பேர் குழு இங்கே 20 நிமிடம் நின்று, பீஷ்மரைக் காட்டிவிட்டு, மேலே ஏறிப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். 12 பேர் குழுவும் அதையே செய்தால் 50,000 வீண்.

கவனித்திருப்பீர்கள், இந்த வரிசையில் போனால் கோயில் உங்கள் இடப்பக்கம் இருக்கும், வலம் வருவதற்கு நேரெதிர். மேற்கு வாயிலையும் இந்த இடச்சுற்றையும் சேர்த்து, இது மன்னனின் ஈமக் கோயில் என்று ஓர் கருத்து உண்டு. விஷ்ணுவுக்கு மேற்குத் திசை உரியது என்பதால் வாயில் மேற்கே வந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் கருத்து என்றே சொல்பவர் நல்ல வழிகாட்டி. பயோனின் முகங்களும் அப்படித்தான். அதைக் கட்டியவன் ஏழாம் ஜயவர்மன், காலம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியும் அதற்கடுத்த ஆண்டுகளும் என்பது உறுதி. முகங்கள் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரா, மன்னனா, இரண்டும் கலந்ததா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1177-இல் நடு வியட்நாமை ஆண்ட சாம் மக்களின் படை அங்கோரைச் சூறையாடியது என்று எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிப்பார்கள். அந்த ஆண்டு சீனக் குறிப்புகளிலிருந்து வருவது, அதையும் ஐயப்படும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பயோனின் சுவரில் சாம் வீரர்களோடு நடந்த படகுப்போர் செதுக்கப்பட்டிருப்பது மட்டும் கண்ணெதிரே இருக்கிறது. கவிழ்த்த பூப்போன்ற தலைக்கவசம் அணிந்தவர்கள் சாம்கள். அதே சாம்கள் கட்டிய கோயிலை வியட்நாமில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இரண்டு நாடும் ஒரே கதையாகச் சேரும். நிரலில் வியட்நாம் முதலில் வருவது நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

'தமிழ் வழிகாட்டி' விஷயம். அங்கோருக்குள் விளக்கம் சொல்ல கம்போடிய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். வியட்நாமிலும் வெளிநாட்டவர் வழிகாட்டித் தொழில் செய்ய முடியாது. ஆகவே சென்னையிலிருந்து வருபவர் சட்டப்படி குழு மேலாளர்தான். கோயிலில் பேசுபவர் உள்ளூர் வழிகாட்டி, பெரும்பாலும் ஆங்கிலத்தில். மேலாளர் மாலையில் ஹோட்டலில் அமர்ந்து மறுநாள் பார்க்கப்போவதைத் தமிழில் சொல்லித்தருகிறாரா, அல்லது அறைச்சாவி கொடுப்பதோடு சரியா என்று கேளுங்கள். முன்னது உங்கள் பெற்றோருக்குப் பெரிய உதவி. ஆனால் அவர் என்ன சொல்லுவார் என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. 'சோழர் கட்டிய அங்கோர் வாட்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அதற்குச் சான்று இல்லை. அங்கோர் காலக் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கம்போடியாவின் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. 'வர்மன்' என்ற பெயரொட்டை வைத்துப் பல்லவர் என்று சொல்லிவிட முடியாது.

உண்மையான தொடர்புகளே போதுமான அளவு இருக்கின்றன. கெமர் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்து மரபிலிருந்து வந்தது. காம்போஜ (கம்போடிய) மன்னன் முதலாம் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் காம்போஜ அரசன் கொடுத்த கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. எல்லாவற்றையும்விட, பந்தியாய் ஸ்ரேய். 967-இல் எழுந்த இந்தச் சிவன் கோயிலைக் கட்டியவர் மன்னர் அல்ல, யக்ஞவராகர் என்ற அரச குரு. செந்நிற மணற்கல்லில் மரவேலைபோல் நுணுக்கம். கிழக்கு வாயில் முகப்பில் ஆடும் சிவன். அவர் காலடியில் ஒடுங்கிய உடலும் தொங்கிய மார்புமாக ஒரு பெண் உருவம் அமர்ந்திருக்கும். அதைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். குழு அதைக் கவனிக்காமல் வாயிலைக் கடந்து உள்ளே போய்விடும், ஏனென்றால் எல்லோர் கண்ணும் நேரே கருவறைக் கோபுரங்கள் மேல் இருக்கும். உள்ளூர் வழிகாட்டிக்கு அம்மையார் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தவர் கூட வருவதால் உண்மையில் பயன் கிடைக்கும் இடம் இதுதான். பந்தியாய் ஸ்ரேய் மையக் கோயில்களிலிருந்து 25 கிலோமீட்டர் போல வடகிழக்கே இருப்பதால் ஒருநாள் நிரலில் முதலில் வெட்டுப்படுவதும் இதுவே.

வேளை பற்றி. அங்கோர் வாட் காலை 5 மணிக்கே திறக்கும், மற்றப் பெரும்பாலான கோயில்கள் 7.30-க்கு. சூரியோதயம் பார்க்க முன்குளத்தருகே கூட்டம் நெருக்கும். ஆனால் வெயில் வந்ததும் பெரும்பாலோர் காலை உணவுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த இடைவெளியில், 6.30-லிருந்து 8.30 வரை, சிற்பப் பிரகாரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். கையில் இரண்டு வாழைப்பழத்தோடு அப்போது உள்ளே இருக்கும் குழு கெட்டிக்காரக் குழு. தா ப்ரோமுக்கு 7.30-க்கே வாசலில் நிற்க வேண்டும், 9 மணிக்கு மேல் மரவேர்களைவிட மனிதத் தலைகள்தான் தெரியும். உங்கள் பெற்றோருக்கு ஏற்ற நாள் என்றால், காலை 6 அல்லது 7-க்குக் கிளம்பி 11.30-க்கு ஹோட்டல் திரும்பி, உணவு, உறக்கம், பிற்பகல் 3-க்கு மறுபடி. நிரல் காலை 9 முதல் மாலை 4 வரை அலுவலக நேரம்போல் இருந்தால், கடும் வெயிலையும் கடும் கூட்டத்தையும் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குச் செங்குத்தான மரப்படிகள், கைப்பிடி உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். 12 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை. பௌத்தப் புனித நாட்களில் மூடிவிடுவார்கள். முழங்கால் வலி இருந்தால் தயங்காமல் விட்டுவிடலாம், நான் மேலே சொன்ன சிற்பங்கள் எதற்கும் அந்தப் படி ஏறத் தேவையில்லை. டோன்லே சாப் ஏரியின் மிதவைக் கிராமம் நிரலில் இருந்தால் மாதத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் மீகாங் ஆற்று நீர் எதிர்த்து ஏறி ஏரி பல மடங்கு விரியும். மார்ச், ஏப்ரலில் வற்றி, படகு சேற்றில் தேய்ந்துகொண்டு போகும். கிராமத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் அந்தப் பயணம் எந்த மாதத்திலும் எனக்கு உவப்பில்லை என்பது தனி.

வியட்நாம் பக்கம் சுருக்கமாக. நடு வியட்நாமின் டா நாங் நகருக்குப் போகும் தமிழ்நாட்டு பேக்கேஜ் எல்லாவற்றிலும் பா நா மலையும் 2018-இல் திறந்த தங்கப் பாலமும் இருக்கும். கல்போல் தோன்றும் இரண்டு பெரிய கைகள் பாலத்தைத் தாங்குவதுபோல் அமைத்த கேளிக்கைப் பூங்கா, முழு நாள் தின்னும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, பண்பாடு என்ற பெயரில் விற்கும்போது அந்த நாளில் எதை எடுத்துவிட்டார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் எடுபடுவது டா நாங் சாம் சிற்ப அருங்காட்சியகம். மீ சோன் கோயில் தொகுதி, டா நாங் அருகிலுள்ள ஹோய் ஆன் ஊரிலிருந்து ஒரு மணி நேரம். சாம் மன்னர்கள் 4-ஆம் நூற்றாண்டு முதல் நெடுங்காலம் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனை வழிபட்ட இடம். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் தரைமட்டமானது, குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் தெரியும். இந்தியத் தொல்லியல் துறை இங்கே சில தொகுதிகளைச் சீரமைத்தது. அந்த வேலையின்போது 2020-இல் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் லிங்கம் வெளிப்பட்டது. செங்கற்களுக்கு நடுவே சாந்து கண்ணுக்கே தெரியாது. மரப்பிசினா, வேறு உத்தியா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. மீ சோனின் சிறந்த சிற்பங்கள் பல, புகழ்பெற்ற பீடம் உட்பட, அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடத்தைப் பார்த்து அருங்காட்சியகத்தை விட்டால் வெறும் செங்கல்லைப் பார்த்த கணக்கு. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனில் வெள்ளம் வரும், கம்போடியாவுக்கு நல்ல பருவம் தொடங்குவதோ நவம்பரில். இரண்டுக்கும் ஒத்துவருவது ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும். அதில் வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறை வாரத்தைத் தவிர்க்க வேண்டும், கடைகள் மூடியிருக்கும், விமான விலை ஏறும்.

'தினமும் இந்திய உணவு' என்ற வரியைப் பார்த்து மகிழ வேண்டாம். மதியம் ஊரின் மறுகோடியிலுள்ள உணவகத்துக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் போகும். காலையும் இரவும் இந்திய உணவு, மதியம் அருகிலேயே ஏதாவது என்பது நடைமுறைக்கு ஏற்றது. சைவ உணவுக்காரர்கள் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: காய்கறிப் பொரியல் என்று வருவதிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், அங்குள்ளவர்களுக்கு அது உப்பு மாதிரி. வியட்நாமில் 'சாய்' என்று பலகை வைத்த பௌத்த சைவ உணவகங்கள் எல்லா ஊரிலும் உண்டு, அங்கே அந்தக் கவலை இல்லை. கம்போடியாவில் இத்தனை எளிதல்ல, சியெம் ரீப்பில் இந்திய உணவகத்தையே நம்பலாம். பட்டு, பளிங்கு, ரத்தினக் கடைகளில் 'கைவினைப் பட்டறை' என்ற பெயரில் நிறுத்துவது எத்தனை முறை என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலை குறைந்த பேக்கேஜில் இழப்பை ஈடுகட்டுவது அந்தக் கமிஷன்தான். விலை கூடிய பேக்கேஜிலும் அது இருந்தால் இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள்.

குழு நிரம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். '12 பேர்' என்பது அதிகபட்சம். குறைந்தபட்சம் 8 சேராவிட்டால் ரத்தா, விலை ஏறுமா, வேறு குழுவோடு சேர்ப்பார்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நிரலில் பாங்காக்கிலிருந்து சாலைவழியே சியெம் ரீப் என்று இருந்தால் ஏற்க வேண்டாம். 2025-இல் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து அந்தத் தரைவழியை நம்பித் திட்டம் போட முடியாது.

விசாவில் இரண்டு இடங்களில் இடறுவார்கள். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. வியட்நாம் பார்த்து, கம்போடியா போய்விட்டு, வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் மறுபடி நுழைந்து தங்கிவிட்டு ஊர் திரும்பும் நிரல் என்றால் 50 டாலர் விசாதான் வேண்டும். இதைக் கவனிக்காமல் 25 டாலர் விசா எடுத்தவர்களை சியெம் ரீப்பில் விமானம் ஏறும்போதே நிறுத்துவார்கள். அடுத்தது பெயர். நம் ஊர் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். படிவத்தில் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு குறியீட்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்ப வேண்டும், இனிஷியலை விரித்தோ சுருக்கியோ எழுதக்கூடாது. தவறினால் கட்டணம் திரும்பாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கம்போடியாவுக்கு இறங்கியதும் 30 டாலருக்கு விசா கிடைக்கும், ஆனால் இ-அரைவல் என்ற வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்திலேயே பாருங்கள். விசா எடுத்துத் தருவதாக நிறுவனம் சொன்னாலும், விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் அப்பா, அம்மா பெயர் எப்படித் தட்டச்சாகியிருக்கிறது என்பதை ஒருமுறை வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள்.